ஒரே “பேக்”, நான்கு சொற்கள்: வேறுபாடு எங்கே ஒலிக்கிறது?

கேள்வி: தாமிரக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொற்களின் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் வழக்கம் எனக்குப் பள்ளி நாள்களிலிருந்தே உண்டு. தமிழ்வழியில் படித்த பலருக்கும் அது இருந்திருக்கும். சென்ற வாரம் பழைய குறிப்பேடு ஒன்றைப் புரட்டியபோது, “பேக்” என்ற ஒரே எழுத்துக்கூட்டலை நான்கு வெவ்வேறு சொற்களுக்கு எதிரே எழுதி வைத்திருப்பதைக் கண்டேன். ஒன்று முதுகைக் குறிப்பது. மற்றொன்று பையைக் குறிப்பது. மூன்றாவது பொருள்களைப் பொதிந்து கட்டுவதைக் குறிப்பது. நான்காவது அடுமனையில் ரொட்டி சுடுவதைக் குறிப்பது. குழப்பம் வராதிருக்க, இவற்றை முதுகு-பேக், பை-பேக், பொதி-பேக், ரொட்டி-பேக் என்று அழைத்துக்கொள்கிறேன்.

இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் வாரம் மூன்று நாள் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு வேலையை “வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர முடியும்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் “முடியாது” என்று புரிந்துகொண்டு, அன்றிரவே என் மேலாளருக்கு வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அதற்கு முன்பும் ஒருமுறை, நான் சொன்ன பதின்மூன்று விலைப்பட்டியல்கள் அவர்கள் பக்கத்தில் முப்பதாகக் கேட்டன.

எழுத்துகள் வேறு வேறாக இருப்பதால் ஒலியும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் பை-பேக்கின் கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல முயன்றால் அது “பேகு” என்று ஓர் உகரத்தோடு வந்து நிற்கிறது. இச்சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது? எல்லாவற்றையும் திருத்திக்கொள்ள இந்த வயதில் எனக்குப் பொறுமை இல்லை; எதைத் திருத்தினால் மிகுந்த பயன் கிடைக்கும் என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: அரைமாத்திரை

வணக்கம் ஐயா. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் நான்கு பேக்குகளும் என் மாணவர்களின் குறிப்பேடுகளிலும் குடியிருந்தவைதாம்.

முதலில், உங்கள் செவியிலோ நாவிலோ குறை ஏதும் இல்லை. “கடல்”, “தங்கம்”, “மகன்” ஆகிய மூன்றையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். ககரம் என்னும் ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லின் அமைப்பே தீர்மானித்துவிடுவதால், தமிழுக்கு மூன்று எழுத்துகள் தேவைப்படவில்லை. ஆங்கிலமோ அதே போன்ற ஒலிகளை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி நிறுத்திப் பொருளை வேறுபடுத்துகிறது. நம் செவி சிறு வயதிலேயே “இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியதில்லை” என்று கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். “பல்லி”, “பள்ளி” இரண்டும் ஆங்கிலேயர் செவிக்கு ஒன்றாகவே கேட்பதும் இதே காரணத்தால்தான்.

இனி, பொதி-பேக்கையும் பை-பேக்கையும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் முதல் ஒலியில் குரல் நாண்கள் அதிர்வதில்லை, மற்றொன்றில் அதிர்கின்றன என்று பாடநூல்கள் சொல்லும். அது பாதி உண்மை. லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்னும் இரு அமெரிக்க ஒலியியலாளர்கள் 1964இல் பதினொரு மொழிகளின் சொல்முதல் வல்லின ஒலிகளை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று என்பதால் நமக்கு அது இரட்டைப் பயன். உதடு திறக்கும் கணத்திலிருந்து குரல் நாண்கள் அதிரத் தொடங்கும் கணம்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவர்கள் கணக்கிட்டார்கள். பொதி-பேக்கின் முதலில் வரும் ஆங்கில ஒலிக்கு அந்த இடைவெளி சராசரியாக 58 மில்லிநொடி. தமிழின் பகரத்துக்கு 12 மில்லிநொடி. பை-பேக்கின் முதல் ஒலியை ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் சொல்லும் முறையில் அது ஏறத்தாழ 1 மில்லிநொடி.

இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீங்கள் இயல்பான தமிழ்ப் பகரத்தால் பொதி-பேக்கைத் தொடங்கினால், அது அவர்களுடைய பொதி-பேக்கைவிடப் பை-பேக்குக்கே மிக அருகில் போய் விழுகிறது. அவர்கள் தேடுவது அந்த 58 மில்லிநொடி இடைவெளியில் வெளிப்படும் மூச்சை. அந்த மூச்சு இல்லையென்றால், குரல் நாண் அதிராவிட்டாலும்கூட அவர்கள் செவிக்கு அது பைதான். ஒரு மெல்லிய தாளை உதட்டின் முன் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பொதி-பேக்குக்குத் தாள் துள்ள வேண்டும். பை-பேக்குக்கு அசையக் கூடாது. ஆனால் சகர ஒலிக்குப் பின்னே வரும்போது, “ஸ்பின்” போன்ற சொற்களில், அவர்களுக்கும் தாள் துள்ளாது. “ஸ்பின்” என்னும் சொல்லின் பதிவிலிருந்து முதல் ஒலியை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்கச் செய்தால், குண்டூசியைக் குறிக்கும் சொல் அவர்களுக்குக் கேட்பதில்லை. குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்தான் கேட்கிறது. ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும் நம் ககரத்தின் கதை அவர்கள் வீட்டிலும் உண்டு. அவர்கள் அதைக் கவனித்ததில்லை.

அடுத்தது முதுகு-பேக்கும் பை-பேக்கும். உங்களைப் போலவே எல்லோரும் கடைசி மெய்யோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். உண்மையில், சரளமாகப் பேசும்போது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அந்தக் கடைசி மெய்யைப் பல சமயம் முழுதாக வெளிவிடுவதே இல்லை. நாக்கு மேலண்ணத்தின் பின்பகுதியைத் தொட்டு அப்படியே நின்றுவிடும். பிறகு எப்படி வேறுபடுத்துகிறார்கள் என்றால், அதற்கு முன்னே இருக்கும் உயிரின் நீளத்தால். ஒலிப்பிலா மெய்க்கு, அதாவது குரல் நாண் அதிராத மெய்க்கு, முன்னே வரும் உயிர், குரல் நாண் அதிரும் ஒலிப்புடைய மெய்க்கு முன்னே வரும் அதே உயிரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறுகிவிடும். நம் கணக்கில் சொன்னால், பை-பேக்கின் உயிருக்கு மூன்று அளவு என்றால் முதுகு-பேக்கின் உயிருக்கு இரண்டு அளவுதான். எழுத்து மாறுவது கடைசியில்; காது அதைப் பிடிப்பதோ நடுவில்.

பீட்டர் டெனஸ் என்பவர் 1955இல் இதை அழகாகக் காட்டினார். “யூஸ்” என்னும் ஆங்கிலச் சொல் பயன் என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது ஓர் ஒலியிலும், பயன்படுத்து என்ற வினைச்சொல்லாக வரும்போது வேறோர் ஒலியிலும் முடியும். அவர் கடைசி ஒலியின் தன்மையை மாற்றாமல், உயிருக்கும் கடைசி மெய்க்கும் உரிய கால அளவுகளை மட்டும் மாற்றியபோது, கேட்டவர்கள் பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாகவும் வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் “பேகு” பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது. அதைத் தாங்கிக்கொள்ள ஒரு குற்றியலுகரம் வந்துவிடும். பேச்சில் நாம் பை-பேக்கை “பேகு” என்றும் முதுகு-பேக்கை “பேக்கு” என்றும்தான் சொல்கிறோம். (பேக்கு என்றதும் வேறு பொருள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.) கவனித்தீர்களா? ஒற்றைக் ககரம் உயிர்களுக்கிடையே மெலிந்தும், இரட்டைக் ககரம் வன்மையாகவும் ஒலிக்கும் நம் விதியைக் கொண்டே ஆங்கில வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறோம். நம்மிடையே பேசிக்கொள்ள அது போதும். தமிழ் அறியாத செவிக்கு அந்த அரைமாத்திரை உகரம் இன்னோர் அசையாகக் கேட்டுச் சொல்லையே குழப்பிவிடுகிறது. தொல்காப்பியம் சார்பெழுத்து என்று வகுத்த அந்தக் குற்றியலுகரத்தை விட்டுவிட்டு, அது எடுத்துக்கொண்ட நேரத்தை நடுவில் உள்ள உயிருக்குக் கொடுங்கள்.

ரொட்டி-பேக் எளிது. அதில் வாய் “ஏ”யில் தொடங்கி “இ”யை நோக்கி நகரும். மற்ற மூன்றிலும் வாய் நகராது. ஆனால் தாடை நன்றாகக் கீழே இறங்கும். தாடையை இறக்காமல் சொன்னால், “பேக்” என்பது முளையையோ கெஞ்சுதலையோ குறிக்கும் “பெக்” ஆகிவிடும்.

தாமிரக்கரை

மிக்க நன்றி அம்மா. வருமான வரிப் படிவத்தின் ஓரத்தைக் கிழித்துத் தாள் சோதனையைச் செய்து பார்த்தேன். பொதி-பேக்குக்குத் தாள் சற்றும் அசையவில்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சொன்னபோதும் அசையவில்லை. பிறகு வேண்டுமென்றே மூச்சை விட்டுச் சொன்னபோது, இந்தியில் வரும் இரண்டாம் பகரத்தைச் சொல்வதுபோல இருந்தது. அது சரிதானா? மேலும், என் தொல்லை உண்மையில் தொடங்கியது “முடியும், முடியாது” என்ற சிக்கலில்தான். அதற்கும் பதின்மூன்று, முப்பது குழப்பத்துக்கும் இதே விளக்கம் பொருந்துமா?

மறுமொழி: பனிக்காலம்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் வசிப்பவன். தொலைபேசி வழியான வாடிக்கையாளர் சேவையில் நீண்ட காலம் வேலை செய்ததால், நீங்கள் சொல்லும் இரண்டு விபத்துகளும் எனக்கு நேர்ந்திருக்கின்றன. இந்திப் பகரத்தைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு விடை, அது ஏறத்தாழ சரிதான் என்பது. சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும்.

“முடியும்” என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நாங்களும் நீங்களும் “கேன்” என்று முழு உயிரோடு சொல்கிறோம். வட அமெரிக்கர் வாக்கியத்தின் நடுவில் அதை அப்படிச் சொல்வதில்லை. அந்தச் சொல் அங்கே சுருங்கி, உயிரே இல்லாததுபோல் “க்ன்” என்று ஒலித்துவிட்டு அடுத்த வினைச்சொல்லுக்கு இடம்விடும். அழுத்தம் முழுவதும் அந்த வினைச்சொல்லின் மேல் விழும். “முடியாது” என்பதற்கான சொல்லில்தான் அவர்கள் முழு உயிரையும் நீளத்தையும் கொடுப்பார்கள்; அதன் இறுதியில் எழுத்தில் நிற்கும் மெய்யோ தொண்டையில் அடைபட்டுக் கேட்காமலே போய்விடும். ஆகவே அவர்கள் செவி இறுதி மெய்யைத் தேடுவதில்லை. முழு உயிர் கேட்டால் எதிர்மறை, மங்கிய உயிர் கேட்டால் உடன்பாடு என்று பிரித்துவிடுகிறது. நீங்கள் நல்ல தெளிவாக, அழுத்தந்திருத்தமாக “கேன்” என்று சொல்லியிருப்பீர்கள். அந்தத் தெளிவே உங்களைக் கவிழ்த்துவிட்டது. தென் இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் அங்கே எதிர்மறைச் சொல்லின் உயிர் “கான்ட்” என்று ஆகாரமாக நீண்டு தனியே நிற்கிறது.

பதின்மூன்றையும் முப்பதையும் பள்ளியில் “ஒன்றில் பின்னசை அழுத்தம், மற்றதில் முன்னசை அழுத்தம்” என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது முழு விதி அல்ல. எண்ணுக்குப் பின்னே ஒரு பெயர்ச்சொல் வந்தால், பதின்மூன்றின் அழுத்தமும் முன்னசைக்கு நகர்ந்துவிடும். நீங்கள் பட்டியல்களின் எண்ணிக்கையைச் சொன்னபோது அதுதான் நடந்திருக்கும். இங்குள்ளவர்களின் பேச்சில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. முப்பதில் நடுவே வரும் மெய்யை நாக்கு நுனியால் ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறார்கள். கிட்டத்தட்ட நம் ரகரம் போலவே கேட்கும். பதின்மூன்றில் அதே மெய் மூச்சோடு வெடிக்கும். அக்கா மேலே சொன்ன தாளை இங்கேயும் பயன்படுத்தலாம்.

இந்தத் தட்டொலிதான் வட அமெரிக்க ஆங்கிலத்தின் பெரும் புதிர். எழுதுபவரைக் குறிக்கும் சொல்லும் குதிரை ஓட்டுபவரைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் நடு மெய்யால் வேறுபடுகின்றன. பேச்சில் இரண்டிலும் அந்த மெய் ஒரே தட்டொலியாகிவிட்டது. ஆனாலும் இங்கே கனடாவில் கேட்பவர் குழம்புவதில்லை, ஏனென்றால் எழுதுபவரில் வரும் “ஐ” ஒலி நாக்கை உயர்த்தித் தொடங்குகிறது, குதிரைக்காரரில் தாழ்த்தித் தொடங்குகிறது. ஜாக் சேம்பர்ஸ் என்னும் மொழியியலாளர் 1973இல் இதற்குக் கனடிய உயர்வு என்று பெயரிட்டார். மெய் அழிந்த பிறகும் அது நின்ற இடத்துக்கு முன்னிருந்த உயிர் சாட்சி சொல்கிறது. அக்கா சொன்ன செய்தியின் தொடர்ச்சியாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு குறிப்பு. இந்த ஊரின் பெயரை நீங்கள் “டொராண்டோ” என்று எழுதுவீர்கள், நாங்கள் “ரொறன்ரோ” என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. டகரத்துக்கு நாக்கு மடிந்து மேலே போகும். ஆங்கிலத்தில் அந்த மெய்க்கு நாக்கு மடிவதில்லை, மேற்பல்லின் ஈறைத்தான் தொடும். யாழ்ப்பாணத்தார் “காற்று”, “நேற்று” என்பவற்றில் ற்றகரத்தை இன்றும் அந்தப் பல்லீறில்தான் ஒலிக்கிறார்கள். அதனால் ஆங்கில ஒலிக்கும் அந்த எழுத்துகளே எங்களுக்கு அருகில் இருந்தன. எங்கள் எழுத்துக்கூட்டல் காதால் வந்தது, கேலிக்குரியதல்ல.

மறுமொழி: ஓடுபாதை

மேலே இருவரும் சொன்ன ஒலியியலில் எனக்கு மறுப்பு இல்லை. கேட்டவர் எதைத் திருத்தினால் போதும் என்றும் கேட்டிருக்கிறார்; அதற்கு நீங்கள் இருவரும் அமெரிக்கரைப் போலவும் ஆங்கிலேயரைப் போலவும் பேசச் சொல்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அது தேவையா?

அவர்களிடையேயே ஒருமைப்பாடு இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் எழுதுகோலும் குண்டூசியும் ஒரே “பின்”தான். அதனால் எழுதுகோல் வேண்டுமென்றால் “மை” என்ற சொல்லையும் முன்னே சேர்த்து “இங்க் பின்” என்று கேட்கிறார்கள். நியூசிலாந்துக்காரர் எழுதுகோலைக் கேட்டால் மற்ற நாட்டவருக்கு அது குண்டூசியாகக் கேட்கும். கட்டிலைக் குறிக்கும் “காட்”டும் பிடிபட்டதைக் குறிக்கும் “காட்”டும் கனடாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் ஒன்றாகிவிட்டன. லண்டனில் வேறு வேறு. யாரும் அவர்களைத் திருத்திக்கொள்ளச் சொல்வதில்லை.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்த ஒலிப்பிழை உண்மையாகப் புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து, 2000இல் ஒரு சுருக்கப் பட்டியலை முன்வைத்தார். நாம் “த” என்றே சொல்லிவிடும் அந்தப் பல்லிடை ஒலியை அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. பள்ளிகளில் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இது எனக்கு ஆறுதல். சொல்முதல் வல்லினத்தின் மூச்சும், உயிரின் நீள வேறுபாடும் பட்டியலில் உண்டு. ஆகவே அம்மையார் சொன்ன இரண்டும் பயனுள்ளவை. ரொறன்ரோ நண்பர் சொன்ன மங்கிய உயிர் அதில் இல்லை.

நான் விமான நிலையம் ஒன்றில் தரைப்பணியில் இருந்தவன். வானலைத் தொடர்பில் உச்சரிப்பைத் திருத்தி உயிரைக் காப்பாற்ற முடியாது என்பதை அந்தத் துறை எப்போதோ உணர்ந்துவிட்டது. ஆங்கில எழுத்துப் பெயர்களில் பி, டி, வி, ஜி, சி என்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே ஈகாரத்தில் முடிவதால், 1956இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு எழுத்துப்பெயர் முறையில் அவற்றுக்குப் பிராவோ, டெல்டா, விக்டர் என்று முழுச் சொற்களைக் கொடுத்தார்கள். ஐந்தும் ஒன்பதும் ஒரே உயிரைக் கொண்டிருப்பதால் இரைச்சலில் மயங்குகின்றன. ஆகவே ஐந்தை “ஃபைஃப்” என்றும் ஒன்பதை “நைனர்” என்றும் சொல்ல விதித்தார்கள். மூன்றில் அந்தப் பல்லிடை ஒலியே வேண்டாம் என்று “ட்ரீ” ஆக்கினார்கள். ஆங்கிலேயரும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

தாமிரக்கரை அவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: எண்ணைச் சொன்ன பிறகு “ஒன்று, மூன்று” என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்லுங்கள். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுருக்க வடிவத்தை விட்டுவிட்டு “கெனாட்” என்று முழுவடிவத்தைச் சொல்லுங்கள். முடியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் “வில்” என்று செய்துவிடுவதாகவே வாக்களித்துவிடுங்கள்; வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கும்.

மறுமொழி: அரைமாத்திரை

ஓடுபாதை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஒரு திருத்தம் மட்டும். ஜென்கின்ஸ் ஆராய்ந்தது தாய்மொழியாளர் அல்லாதவர்களின் உரையாடலை. இங்கே கேட்டவரின் மறுமுனையில் இருப்பவர்கள் அமெரிக்கர்கள். மங்கிய உயிரைப் பேசப் பழகாவிட்டாலும், கேட்டுப் புரிந்துகொள்ளவாவது பழக வேண்டும். இல்லையென்றால் அவர்கள் “முடியும்” என்று சொல்லும்போது அந்தச் சொல்லே இவர் காதில் விழாது.

உயிர்களைப் பற்றி முன்பு விரைந்து கடந்துவிட்டேன். குறில், நெடில் பேதம் நம் மொழியிலேயே இருப்பதால், கப்பலைக் குறிக்கும் “ஷிப்”பும் ஆட்டைக் குறிக்கும் “ஷீப்”பும் தமிழருக்கு எளிது என்று எண்ணுவோம். ஆனால் முன்பு சொன்ன குறுக்கம் இங்கேயும் வேலை செய்கிறது. “ஷீப்” ஒலிப்பிலா மெய்யில் முடிவதால் அதன் நெடில் வெட்டுப்படுகிறது. ஏலம் கேட்பதைக் குறிக்கும் “பிட்” ஒலிப்புடைய மெய்யில் முடிவதால் அதன் குறில் நீள்கிறது. கருவியில் அளந்தால் இந்த நெடிலும் அந்தக் குறிலும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கக்கூடும். அவர்கள் இவ்விரு உயிர்களை நீளத்தால் மட்டும் பிரிப்பதில்லை. குறிலுக்கு நாக்கு சற்றுத் தளர்ந்து தாழ்ந்து, எகரத்தின் பக்கம் சாய்கிறது. தமிழ் இகரத்தை அப்படியே வைத்தால் நம் “ஷிப்” அவர்களுக்கு அவசரத்தில் சொன்ன ஆடாகக் கேட்கும்.

வகரத்தையும் யாரும் தொடவில்லை. கொடிமுந்திரியின் கொடியைக் குறிக்கும் சொல்லும் அதன் மதுவைக் குறிக்கும் சொல்லும் நமக்கு ஒரே “வைன்”. கொடிக்கு மேற்பல் கீழுதட்டில் பட்டுக் காற்று உரச வேண்டும். மதுவுக்குப் பல் படவே கூடாது, உதடுகள் உகரம்போல் குவிய வேண்டும். நம் வகரமோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பல்லை நெருங்கும், உரசாது, உதடு குவியாது. இதனால் நடக்கும் வேடிக்கை என்னவென்றால், கொடியை எதிர்பார்க்கும் செவிக்கு மது கேட்கும், மதுவை எதிர்பார்க்கும் செவிக்குக் கொடி கேட்கும். நாமோ இரண்டு முறையும் ஒன்றையேதான் சொல்லியிருப்போம். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜான் வாக்கர் 1791இல் வெளியிட்ட ஒலிப்பு அகராதியில், லண்டன் எளிய மக்கள் இவ்விரு ஒலிகளை இடம் மாற்றிச் சொல்வதைப் பெருங்குற்றமாகப் பட்டியலிட்டிருக்கிறார்.

எதை முதலில் திருத்துவது என்று கேட்டால், சொல்முதல் மூச்சு ஒன்றையே சொல்வேன். பகரம், டகரம், ககரம் மூன்றுக்கும் அதே பழக்கம் உதவும். தாளைத் தவிரச் செலவு இல்லை. அதற்கு அடுத்தது இறுதி உகரத்தை விடுவது.

தாமிரக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அழைப்பில் ஓடுபாதை ஐயா சொன்னபடி இலக்கங்களைத் தனித்தனியே சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் உடனே தாமும் அப்படியே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் பேச்சில் “க்ன்” என்ற அந்தச் சுருங்கிய சொல்லைக் குறிவைத்துக் கேட்டதில், ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை வந்தது. இதுவரை அந்த இடங்களில் எதுவுமே இல்லை என்றுதான் எண்ணியிருக்கிறேன்.

குறிப்பேட்டிலும் திருத்தம் செய்துவிட்டேன். பை-பேக்குக்கு நடுவில் “பேஎக்” என்று அளபெடை போட்டிருக்கிறேன். முதுகு-பேக்கை அப்படியே விட்டிருக்கிறேன். பொதி-பேக்கின் தலையில் மூச்சுக்காக ஒரு சிறு ஆய்தம் வைத்திருக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ரொட்டி-பேக்குக்கு மட்டும் ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்டாள். “பேஇக்” என்று அவளே எழுதிக்கொண்டாள்.